டிரம்மும் ஆசிட்டும் தாங்கும் தரை

திண்டுக்கல்லில் வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டுவிடுகிற கேள்வி, "நல்ல தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்கா வரும்?" என்பது. அடுத்த கேள்வி, போர் தண்ணீர் உப்பா, சப்பையா. கரண்டுக்குத் தனி மீட்டர் உண்டா என்பது அதற்கப்புறம். தரையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் அந்த வீட்டுத் தரை பத்து வருடம் கிடக்குமா, முப்பது வருடம் கிடக்குமா என்பதை முதல் இரண்டு கேள்விகளுக்கான பதில்தான் முடிவு செய்கிறது.

நாகல்நகர்ப் பக்கம் அப்பா கட்டிய வரிசை வீடு எங்களுடையது. ஆறு போர்ஷன். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 400 சதுர அடி. முன்னால் பட்டாசாலை, ஒரு அறை, அடுப்படி, பின்னால் குளியலறை, அதற்கும் பின்னால் துணி துவைக்கிற புறவாசல். அப்பா காலத்தில் எல்லாமே சிவப்புச் சிமெண்ட் தரை. பிறகு ஒரு குடித்தனம் காலி செய்து அடுத்தது வருகிற இடைவெளியில், கையில் காசு இருந்த நேரத்தில், அப்பாவும் என் வீட்டுக்காரரும் தம்பியும் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தார்கள். அதனால் ஒரே கூரைக்கடியில் சிவப்புச் சிமெண்ட், மொசைக், கடப்பா, பழைய செராமிக், புது விட்ரிஃபைட் என்று எல்லாமே இன்று கிடக்கின்றன. சாவிக்கொத்து இப்போது என்னிடம். பூட்டுப் பட்டறைக்காரர், தோல் ஷாப்பில் வேலை பார்ப்பவர், மில் ஷிப்டுக்குப் போகிற தம்பதி, காந்திகிராமத்தில் படிக்கிற பிள்ளைகள் என்று பல கைகள் புழங்கிய தரைகள் இவை. எது எதைத் தாங்கியது என்று டைல்ஸ் கடைக்காரரைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

ஊருக்கு ஆத்தூர் காமராஜர் அணைத் தண்ணீரும் காவிரிக் கூட்டுக் குடிநீரும் வருகின்றன. தினமும் வருவதில்லை, வருகிற அன்று பிடித்து நிரப்பிவைக்க வேண்டும். அதனால் நாலு பேர் இருக்கிற வீட்டிலும் 200 லிட்டர் நீல டிரம் ஒன்று, சின்னது ஒன்று, அதுபோக வரிசையாகக் குடங்கள். 200 லிட்டர் தண்ணீர் என்றால் 200 கிலோ. மூன்று ஆள் எடை மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கிறது, அடியில் ஈரம் காய்வதே இல்லை. டிரம்மைக் கழுவுகிற நாளில் பாதித் தண்ணீரோடு அதைச் சாய்த்து உருட்டுவார்கள், தெம்பு இல்லாதவர்கள் இழுப்பார்கள். அடியில் ரெண்டு மணல் பருக்கை மாட்டியிருந்தால் போதும், அடுப்படியிலிருந்து புறவாசல் வரைக்கும் கோடு விழுந்துவிடும். ததும்பத் ததும்பத் தூக்கிவருகிற எவர்சில்வர் குடம் கை நழுவி விளிம்பில் விழுந்தால் டைல்ஸின் மூலை பெயர்ந்து வரும். கடையில் விளக்கடியில் வைத்துக் காட்டும்போது இதெல்லாம் நம் நினைவுக்கு வராது.

அடுத்தது போர் தண்ணீர். இந்தச் சமவெளியின் அடியில் இருப்பது கடினப் பாறை. அதன் வெடிப்புகளில் ஊறி வருகிற தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் நிறைய. தோல் ஷாப்புகள் இருக்கிற பக்கங்களில் உப்பு இன்னும் கூடுதல். தரையில் சிந்திக் காய்ந்தால் வெள்ளையாகப் படலம் கட்டும். நாள்பட்டால் செதில் செதிலாக ஏறும். விளக்குமாறால் தேய்த்துப் போகாது என்று தெரிந்ததும், மளிகைக் கடையில் பாட்டிலில் விற்கிற பாத்ரூம் ஆசிட்டை வாங்கி ஊற்றிவிடுவார்கள்.

அந்த பாட்டிலில் இருப்பது தண்ணீர் கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். சுண்ணாம்புப் படிவத்தைக் கரைக்கும். ஆனால் எது கறை, எது தரை என்று அதற்குத் தெரியாது. சிமெண்டில் இருப்பது சுண்ணாம்புச் சேர்மம். மொசைக்கில் இருப்பது மார்பிள் சில்லு, அதுவும் கால்சியம் கார்பனேட். கடப்பா, கோட்டா இரண்டும் சுண்ணாம்புக் கற்கள். ஊற்றியதும் நுரைத்துப் பொங்குகிறதே, அழுக்கு போகிறது என்று சந்தோஷப்படுகிறோம்; அந்த நுரையில் பாதி தரையினுடையது. கிரானைட்டும் விட்ரிஃபைட் டைல்ஸும் இந்த அமிலத்துக்கு அசைந்து கொடுப்பதில்லை. அவற்றின் இடுக்குகளில் பூசியிருக்கிற சிமெண்ட் மட்டும் அரித்துப்போகும், அந்த வழியாகத் தண்ணீர் அடியில் இறங்கும்.

"ஆசிட் ஊத்தாதம்மா" என்று ஒரு குடித்தனக்காரப் பெண்ணிடம் சொன்னபோது அவள் திருப்பிக் கேட்டாள்: "யக்கா, வெறும் தண்ணிய ஊத்திக் கழுவுனா இந்த உப்பு போயிருமா? நாலு பேரு வந்துபோற வீடு, எங்களுக்கும் பளிச்சினு இருக்கணும்ல?" அவள் கேட்டது நியாயம். வாடகை கொடுக்கிறவர்கள் தரையைப் பொத்திப் பொத்திப் பாதுகாப்பார்கள் என்று நாம் கணக்குப் போடுவதுதான் அநியாயம். எனவே நான் எந்தத் தரையைப் பார்த்தாலும் முதலில் டிரம்மைத் தாங்குமா, அடுத்து ஆசிட்டைத் தாங்குமா என்றுதான் கேட்கிறேன். நிறமும் பூவேலையும் அதற்குப் பிறகு.

அப்பா போட்ட சிவப்புத் தரை இன்னும் இரண்டு போர்ஷன்களில் இருக்கிறது. சிமெண்ட் பூச்சு ஈரமாக இருக்கும்போதே சிமெண்டோடு ரெட் ஆக்ஸைடு தூளைக் கலந்து தூவி, கரணையால் இழைத்து இழைத்து மெருகு ஏற்றுவார்கள். பிறகு பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கி ஒரு வாரத்துக்குமேல் ஊறவிடுவார்கள். பெரிய அறையானால் இடையிடையே கண்ணாடிப் பட்டை வைத்துக் கட்டம் பிரிப்பார்கள். சிமெண்ட் இறுகும்போது சுருங்கும். கட்டம் இருந்தால் வெடிப்பு அந்தக் கோட்டோடு நின்றுவிடும். காரைக்குடிப் பக்கத்து வீடுகளிலும் கேரளத்து வீடுகளிலும் இதைவிட நேர்த்தியான தரைகள் உண்டு. ஆனால் கஞ்சத்தனமாகப் போட்ட எங்கள் வீட்டுத் தரைகூட அரை நூற்றாண்டாகக் கிடக்கிறது.

இந்தத் தரையில் ஒரு வேடிக்கை. பூட்டுப் பட்டறைக்காரர் ஒருவர் வெகுநாள் இங்கே குடியிருந்தார். பட்டறையில் முடியாத வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்து, ராத்திரியில் பட்டாசாலையில் உட்கார்ந்து சாவி ராவுவார். அரத்திலிருந்து கொட்டுகிற இரும்புப் பொடி எவ்வளவு கூட்டினாலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். அதில் தண்ணீர் பட்டால் துரு. சிவப்புத் தரையில் அந்தத் துரு கண்ணுக்கே தெரியவில்லை. தெரியாததற்குக் காரணம், ரெட் ஆக்ஸைடு என்று வாங்கிக் கலக்கிற தூளும் இரும்பின் ஆக்ஸைடுதான்; துருவும் அதுவும் ஒரே இனம். அவரே பிறகு கொஞ்ச நாள் மொசைக் போர்ஷனுக்கு மாறினார். அங்கே அவர் உட்கார்ந்த இடத்தில் இன்றும் பழுப்பாகத் தேமல் இருக்கிறது.

இருந்தாலும் புதிதாக வாடகைக்கு வீடு கட்டுகிறவருக்கு நான் சிவப்புத் தரையைச் சொல்ல மாட்டேன். இழைக்கத் தெரிந்த கொத்தனார் கிடைப்பது அரிது, கிடைத்தால் கூலி டைல்ஸைத் தாண்டிவிடும். பாத்ரூம் ஆசிட் பட்ட இடத்தில் நிறம் வெளுத்து, சொறி பிடித்ததுபோல் ஆகிவிடும், திருத்துப் பூச்சு பூசினால் ஒட்டுத் தெரியும். ஆனால் ஏற்கெனவே இருந்து, வெடிப்பு இல்லாமல் இருந்தால் உடைக்காதீர்கள். தரையில் படுத்துத் தூங்குகிற ஊர் இது. சித்திரை மாதத்து மத்தியானத்தில் அந்த இரண்டு போர்ஷன்காரர்களும் பாயைக்கூட விரிப்பதில்லை.

மொசைக்கை உடைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது. ஒரு காலத்தில் வீட்டு வசதி வாரியக் குடியிருப்பு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம் எல்லாம் மொசைக்தான். மார்பிள் சில்லும் சிமெண்டும் கலந்து போட்டு, இறுகியதும் சாணைக்கல் பூட்டிய மெஷினால் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். சில்லு மேலே மட்டும் இல்லை, சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு உள்ளேயும் இருக்கிறது. மங்கிப்போன மொசைக்கைப் பாலிஷ் மெஷின்காரரை அழைத்து மறுபடி தேய்த்தால், உள்ளிருந்து புதுச் சில்லு மேலே வரும். எங்கள் மூன்றாவது போர்ஷனில் தம்பி டைல்ஸ் போடக் கேட்டபோது வந்த தொகையில், மொசைக்கைத் தேய்க்க ஆன செலவு நாலில் ஒரு பங்கு. தேய்க்கும்போது வெள்ளைப் பால்போலச் சேறு ஓடும், சுவரில் இடுப்புயரம் தெறிக்கும்; அதனால் வெள்ளையடிப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். சாக்கடையில் அந்தச் சேற்றைத் தள்ளினால் அது அங்கேயே சிமெண்ட் மாதிரி இறுகும், வாளியில் அள்ளிக் கொட்டச் சொல்லுங்கள். மொசைக்குக்கு ஆசிட் ஆகாது என்பது உண்மைதான். ஆனால் பத்து வருடத்துக்கு ஒரு தேய்ப்பில் மறுபிறவி எடுக்கிற தரை வேறு எதுவும் என் வீட்டில் இல்லை.

கடப்பாக் கல்லைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. துவைக்கிற இடத்துக்கும் அடுப்படித் தட்டுக்கும் ஆந்திரத்திலிருந்து வருகிற அந்தக் கறுப்புக் கல் மலிவு, வலுவு. அறைக்குள் போட்டால் இருட்டடிக்கும், உப்புப் படலம் அதில் தெரிவதைப்போல வேறெதிலும் எடுப்பாகத் தெரியாது. ராஜஸ்தானின் கோட்டாக் கல்லும் நல்லதுதான். வடக்கே ரயில் நிலையங்களிலும் பள்ளிகளிலும் அதுதான் உழைக்கிறது. இங்கே வந்து சேரும்போது லாரி வாடகை விலையில் ஏறிவிடுகிறது.

மேல்நாடுகளில் வாடகை வீடுகளுக்கு வினைல் பலகை, வினைல் விரிப்பு என்று போடுகிறார்கள். அந்தச் சுருள் விரிப்பு இங்கேயும் கடைகளில் தொங்குகிறது. ஈரத்துணியால் ஒற்றித் துடைக்கிற ஊருக்கு அது சரி. வாளித் தண்ணீரை ஊற்றி விளக்குமாறால் தள்ளுகிற நமக்கு ஓரத்தில் இறங்குகிற தண்ணீர் அடியிலேயே தங்கி நாறும், டிரம்மை இழுத்தால் கிழியும். தரைத்தளப் போர்ஷனுக்கு வேண்டவே வேண்டாம்.

மிஞ்சுவது டைல்ஸ். இன்று பத்தில் ஒன்பது பேர் அதைத்தான் போடுகிறார்கள், நானும் கடைசி இரண்டு போர்ஷன்களுக்கு அதையே ஒப்புக்கொண்டேன். நம் ஊர்க் கடைகளில் அடுக்கியிருக்கிற பெட்டிகளில் பெரும்பாலானவை குஜராத்தின் மோர்பியிலிருந்து வருகின்றன. 2022 அக்டோபரில் தொங்குபாலம் அறுந்து விழுந்ததே, அதே மோர்பி. நூற்றுக்கணக்கான சூளைகள் அங்கே. பெட்டியின் மேல் எந்தப் பெயர் அச்சிட்டிருந்தாலும் நீங்கள் பார்க்க வேண்டியது, அந்த டைல்ஸ் எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பது. விட்ரிஃபைட் என்றால் அதன் எடையில் 0.5 சதவீதத்துக்கும் குறைவு. சாதாரணத் தரை செராமிக் 3 முதல் 6 சதவீதம் வரை குடிக்கும். சுவர் டைல்ஸ் 10-க்கு மேல். இந்திய தர நிர்ணயத்தில் இதற்கென்று ஐ.எஸ். 15622 என்ற விதியே இருக்கிறது. கடையில் எண்ணெல்லாம் கேட்க வேண்டியதில்லை. டைல்ஸைக் கவிழ்த்துப் பின்பக்கத்தில் நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உறிஞ்சினால் அது டிரம் வைக்கிற வீட்டுக்கு ஆகாது. எங்கள் நாலாவது போர்ஷனின் 1-க்கு 1 செராமிக்கில் டிரம் நின்ற இடம் முழுக்க மேல்பூச்சில் மயிரிழை வெடிப்பு. அதற்குள் அழுக்கு இறங்கிச் சிலந்தி வலைபோலக் கிடக்கிறது.

விட்ரிஃபைட்டிலும் வகை உண்டு. மேலே கண்ணாடி மாதிரி மினுங்குகிற பளபளப்பு ரகத்தில் படத்தை அச்சடித்து மேலே மெல்லிய பூச்சு கொடுத்திருப்பார்கள். மார்பிள், மரம், மயிலிறகு என்று எது வேண்டுமானாலும் கிடைக்கும். டிரம் இழுத்த கோடு விழுவது அதில்தான். 'டபுள் சார்ஜ்' என்பதில் நிறம் 3, 4 மில்லிமீட்டர் ஆழத்துக்கு உள்ளேயே இருக்கும். கீறினாலும் அதே நிறம் தெரியும். வாடகை வீட்டுக்கு அது, அல்லது பளபளப்பு இல்லாத மேட் ரகம். ரொம்பவும் சொரசொரப்பான மேட்டாகப் பார்த்துவிடாதீர்கள், அழுக்கு ஏறி உட்கார்ந்துகொள்ளும். கையால் தடவினால் முட்டை ஓடு மாதிரி இருந்தால் சரி. நிறம் வெள்ளை வேண்டாம், செம்மண் புழுதி காட்டிக்கொடுத்துவிடும். கறுப்பு வேண்டாம், உப்பு காட்டிக்கொடுக்கும். பிஸ்கட் நிறத்திலோ வெளிர்சாம்பலிலோ புள்ளி புள்ளியாக இருப்பதில் ஒரு நாள் கூட்டாவிட்டாலும் தெரியாது. இரண்டு டைல்ஸை முகத்தோடு முகம் வைத்து அழுத்திப் பாருங்கள். ஆடினால் வளைவு இருக்கிறது. வளைந்த டைல்ஸை எந்த மேஸ்திரியாலும் மட்டமாகப் பதிக்க முடியாது. இரண்டாம் தரம் என்று தள்ளுபடியில் தருகிறவற்றில் பெரும்பாலும் இந்தக் குறைதான். மொட்டைமாடிக்கு வேண்டுமானால் அள்ளிக்கொள்ளலாம்.

அளவு கணக்கில் ஒன்று. '2-க்கு 2' என்று வாயால் சொல்வது 600 மில்லிமீட்டர். இரண்டு அடி 609.6. ஆகவே நாலு டைல்ஸ் இருக்கிற ஒரு பெட்டி 16 சதுர அடி அல்ல, 15.5 தான். 400 சதுர அடிக்கு 26 பெட்டி, வெட்டுக்கும் உடைசலுக்கும் இன்னும் இரண்டு மூன்று. எல்லாப் பெட்டியிலும் ஷேடு எண்ணும் பேட்ச் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று லாரியிலிருந்து இறக்கும்போதே பார்த்துவிட வேண்டும். பதித்தபிறகு பார்த்தால் பாதி அறை ஒரு நிறம், மீதி ஒரு நிறம்.

இப்போது காசு. நான் கடைசியாக விசாரித்தபோது, சாதாரண 2-க்கு 2 விட்ரிஃபைட் சதுர அடி 50 ரூபாய் சுமாருக்குக் கிடைத்தது. பதிக்கிற கூலி, சிமெண்ட், எம்-சாண்ட் எல்லாம் சேர்த்தால் 105 ரூபாய்ப் பக்கம் வரும். 400 சதுர அடிக்கு 42,000. எங்கள் தெருவில் இப்படியொரு போர்ஷனுக்கு வாடகை 5,500. ஆக ஏழரை மாத வாடகைக்கு மேல் தரையிலேயே படுத்துக்கொள்கிறது. ஆசைப்பட்டு 4-க்கு 2 பளபளப்பு ரகத்துக்குப் போனால் சதுர அடிக்கு 45 ரூபாயாவது கூடும், மொத்தத்தில் 18,000. அதற்காக மாதம் 200 ரூபாய் கூட்டிக் கேட்கலாம் என்று வைத்துக்கொண்டாலும் அந்தப் பணம் திரும்ப ஏழரை வருடம் ஆகும். அதற்குள் மேற்பூச்சு கோடு விழுந்திருக்கும். சொந்த வீட்டுக்கு எப்படி வேண்டுமானாலும் செலவழியுங்கள், வாடகைக்கு இது கட்டுபடியாகாது. வரி ஓரளவு இறங்கியிருக்கிறது: டைல்ஸுக்கான ஜி.எஸ்.டி. 2017 நவம்பரில் 28-லிருந்து 18 சதவீதம் ஆனது, சிமெண்டுக்கு அதே குறைப்பு 2025 செப்டம்பரில்தான் வந்தது. வருமான வரிக் கணக்கில் தரைச் செலவைத் தனியாகக் கழித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. முடியாது. வாடகை வருமானத்தில், கட்டிய வீட்டு வரி போக மீதியில், 30 சதவீதம் கழிவாகத் தருகிறார்கள். பராமரிப்பு என்று நீங்கள் ஒரு ரூபாய் செலவழித்தாலும் ஒரு லட்சம் செலவழித்தாலும் அதே 30 தான்.

ஒரே டைல்ஸை வீடு முழுக்கப் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஐந்தாவது போர்ஷனில் எங்கள் டைல்ஸ் மேஸ்திரியோடு பேசிச் செய்தது இது: பட்டாசாலையிலும் அறையிலும் டபுள் சார்ஜ். அடுப்படியில் டிரம் நிற்கிற மூலையில் மட்டும் கிரானைட். குளியலறையில் சொரசொரப்பான சின்ன செராமிக். சின்னதாக இருந்தால் இடுக்குகள் அதிகம், கால் பிடிமானம் கூடும், வாட்டமும் சுலபமாக அமையும். புறவாசலில் கடப்பா. மேலூர்ப் பக்கத்துக் கிரானைட்டின் வெட்டுத் துண்டுகள் பட்டறைகளில் எடைக்கோ சதுர அடிக்கோ மலிவாகக் கிடைக்கும். முழுப் பலகை வாங்கக் கட்டுபடியாகாதவர்களும் அதில் நிலைப்படிக்கும் டிரம் மூலைக்கும் தேற்றிக்கொள்ளலாம். டிரம் மூலையைத் தரைமட்டத்துக்கு மேல் ஒரு அங்குலம் தூக்கி, தண்ணீர் குளியலறைப் பக்கம் ஓடும்படி லேசாக வாட்டம் கொடுத்தார் மேஸ்திரி. இந்த ஒரு யோசனைக்காகவே அவரை நான் யாருக்கும் சிபாரிசு செய்வேன்.

ஆனால் மேலே என்ன போடுகிறோம் என்பதைவிட அடியில் என்ன இருக்கிறது என்பதில்தான் பாதி விஷயம். பழைய வீடுகளில் தரைக்கடியில் கிராவலைக் கொட்டி, தண்ணீர் விட்டு ஊறவைத்து, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்குவார்கள். இப்போது அவசரத்தில் கொட்டிய மண்ணின் மேலேயே கான்கிரீட்டைப் போட்டுவிடுகிறார்கள். ரெண்டு மழைக்காலம் போனதும் மண் அமரும், தரை நடுவில் குழியும். ஓதம் இன்னொரு தொல்லை. மண்ணிலிருந்து ஈரம் ஏறும்போது உப்பையும் தூக்கிக்கொண்டு வந்து, இடுக்குகளிலும் சுவரோரத்திலும் வெள்ளையாகப் பூக்கும். புதுத் தளம் போடுகிறவர்கள் கான்கிரீட்டுக்கு அடியில் கனமான பாலிதீன் தாளை விரித்துவிட்டால் இது பெருமளவு அடங்கும். கலவைக்கும் சப்பைத் தண்ணீரை ஊற்றாமல், வருகிற அன்று நல்ல தண்ணீரைக் கொஞ்சம் ஒதுக்கிவைக்கப் பாருங்கள்.

பழைய தரையின் மேலேயே டைல்ஸ் ஒட்டலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒட்டலாம். சிவப்புத் தரையின் மெருகின் மேல் சிமெண்ட் பிடிக்காது என்பதால் உளியால் நெருக்கமாகக் கொத்திவிட வேண்டும். ஒன்றரை அங்குலம் தரை உயரும். கதவுகளின் அடியை அறுக்க நேரும். எங்கள் மாதிரித் தெருக்களில் அந்த உயர்வு லாபம்தான். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை உயர்ந்து உயர்ந்து வாசல்படி தெருவுக்குள் புதைந்துகொண்டிருக்கிறது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு உத்தரவே போட்டார். எங்கள் தெரு அதற்கு முன்பே உயர்ந்துவிட்டது.

பதிக்கிற நாளில் வீட்டுக்காரர் பக்கத்தில் இருப்பது நல்லது. நாலு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொரு உருண்டை கலவை வைத்து அழுத்திவிட்டுப் போகிற பழக்கம் சிலரிடம் உண்டு. பார்க்க மட்டமாக இருக்கும், அடியில் காற்று. அந்த வெற்றிடத்தின் மேல் டிரம் நின்றால் டைல்ஸ் ஒரு நாள் படீரென்று போகும். கலவையை முழுவதும் பரப்பி, சிமெண்ட் பால் ஊற்றிப் பதிக்க வேண்டும். விட்ரிஃபைட் தண்ணீர் குடிக்காது என்றேன் அல்லவா, அதனாலேயே சாதாரணச் சிமெண்டையும் அது நன்றாகப் பிடிப்பதில்லை. முடிந்தால் 20 கிலோ மூட்டையில் வருகிற டைல்ஸ் பசையைப் பயன்படுத்துங்கள், குறைந்தபட்சம் டிரம் மூலைக்கும் சுவர்களுக்குமாவது. இடுக்கு 2 மில்லிமீட்டர் வேண்டும். "ஒட்டி ஒட்டி வச்சாத்தான்க்கா பார்வையா இருக்கும், கல்யாண மண்டபத்துலல்லாம் அப்படித்தான்" என்பார்கள். விடாதீர்கள். வெயிலில் டைல்ஸ் விரியும், அடியிலுள்ள கான்கிரீட் வருடக்கணக்கில் சுருங்கும்; இடுக்கும் இல்லை, சுவரோரத்தில் விரல்கனம் இடைவெளியும் இல்லை என்றால் நடுவீட்டில் நாலு டைல்ஸ் கூரைபோல் பொங்கி எழும்பும். பேய் பிசாசு என்று பயந்தவர்கள்கூட எங்கள் தெருவில் உண்டு.

வெட்டுகிற மெஷினுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வெட்டச் சொல்லுங்கள். வறண்டு வெட்டும்போது பறக்கிற வெள்ளைத் தூளில் சிலிக்கா இருக்கிறது. வருடக்கணக்கில் அதைச் சுவாசித்தால் நுரையீரல் இறுகிப்போகிற சிலிகோசிஸ் என்ற நோய் வரும். அதற்கு மருந்து இல்லை. துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு வெட்டுகிற பையனுக்கு இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வேலை முடிந்து ஒரு வாரம் கழித்து, ஒரு ரூபாய் நாணயத்தால் ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டிப் பாருங்கள். திடமான சத்தம் வந்தால் சரி, 'டொக் டொக்' என்று பொள்ளலாகக் கேட்டால் அதில் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு மேஸ்திரியைக் கூப்பிடுங்கள். கூலியில் கடைசிப் பங்கை அதுவரை நிறுத்திவைப்பது என்று முதலிலேயே பேசிக்கொண்டால் யாருக்கும் மனவருத்தம் இல்லை.

உடைந்தால் யார் பொறுப்பு என்பதில்தான் எங்கள் ஊரில் பாதிச் சண்டை. பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-ல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. கட்டமைப்புப் பழுது, வெள்ளையடிப்பு எல்லாம் வீட்டுக்காரர் தலையில். குழாய் வாஷர், சுவிட்சு மாதிரிச் சில்லறை வேலைகள் குடியிருப்பவர் தலையில். இயல்பான தேய்மானத்துக்கு அவரிடம் காசு பிடிக்க முடியாது. டிரம் நின்று மங்கிய தரை தேய்மானம். அம்மிக்கல்லைப் போட்டு உடைத்தது சேதம். இந்த வித்தியாசத்தை முதல் நாளே பேசிவிடுவது நல்லது. நான் குடிவருகிற அன்று அவர்களையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு ஒவ்வோர் அறைத் தரையையும் போனில் படம் எடுத்து, அதே படத்தை அவர்களுக்கும் அனுப்பிவிடுகிறேன். ஒத்திக்கு விடுகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். மாத வாடகை இல்லாததால் மூன்று வருடம் வீட்டுப் பக்கமே போகமாட்டார்கள். பிறகு முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுக்கிற அன்றைக்குத் தரையைப் பார்த்துச் சத்தம் போடுவார்கள்.

ஆசிட்டுக்கு நான் கண்டுபிடித்த சமாதானம் ஒன்று உண்டு. ஒப்பந்தத்தில் "தரையில் ஆசிட் ஊற்றக் கூடாது" என்று எழுதினால் யாரும் படிப்பதில்லை. அதற்குப் பதில் குளியலறையில் மட்டும் இடுக்குகளுக்கு எபாக்ஸி பூச்சு போடச் சொன்னேன். சிமெண்ட் பூச்சைவிட விலை பல மடங்கு, ஆனால் 30 சதுர அடிக்கு எவ்வளவு ஆகிவிடப் போகிறது? அங்கே அவர்கள் எதை ஊற்றினாலும் கவலை இல்லை. மற்ற அறைகளில் உப்புப் படலம் ஏறாமல் இருக்க, கடைசியாக ஒரு வாளி நல்ல தண்ணீரால் அலசித் துணியால் ஒற்றினால் போதும் என்று சொல்லிக்கொடுக்கிறேன். தண்ணீர் வருகிற நாளில் செய்கிறார்கள்.

மீந்த டைல்ஸில் ஒரு பெட்டியை அந்தந்தப் போர்ஷனின் பரணிலேயே போட்டுவைத்திருக்கிறேன். இரண்டு வருடம் கழித்து அதே நிறம் எந்தக் கடையிலும் கிடைக்காது, மோர்பியில் அதற்குள் டிசைனை மாற்றிவிடுவார்கள். ஷேடு எண், பேட்ச் எண், கடையின் பில், பதித்த மேஸ்திரியின் போன் நம்பர் எல்லாம் ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறது. தம்பி மகன் அதைப் பார்த்துவிட்டு, "அத்த, வீட்டுக்கு ஜாதகம் எழுதி வச்சிருக்கீங்களா?" என்று சிரித்தான். ஆறாவது போர்ஷன் ஆனியில் காலியாகிறது. பழைய மொசைக் அதில் பாதி அறைக்கு இருக்கிறது. பாலிஷ் மெஷின்காரரிடம் சொல்லிவைத்தாயிற்று; மீதிப் பாதிக்கு என்ன போடுவது என்று அவனையே கடைக்கு அழைத்துப் போகப் போகிறேன், ஒரு பாட்டில் தண்ணீரோடு.